பங்குனியில தூண்டில் போட கே.ஆர்.எஸ்ஸா, மேட்டூரா?

பிப்ரவரி முடியுற நேரம், பெங்களூர் ரோட்டோரமெல்லாம் பிங்க் பூவா கொட்ட ஆரம்பிச்சதும் நம்ம தூண்டில் கோஷ்டில ஒரே கேள்விதான் ஓடும், இந்த தடவை ரெண்டு நாள் சேந்தாப்ல லீவு கெடச்சா எங்க போறது. அல்சூர், விவேக்நகர், எலக்ட்ரானிக் சிட்டினு ஆளுக்கொரு மூலையில இருந்தாலும் பேச்சு கடைசில ரெண்டு இடத்துலதான் வந்து நிக்கும், மைசூர் பக்கம் இருக்குற கே.ஆர்.எஸ், அதாவது கிருஷ்ணராஜ சாகர் டேமோட பேக்வாட்டர் (டேமுக்குப் பின்னாடி தேங்குற தண்ணி), இல்லன்னா மேட்டூர் டேம். நான் மேட்டூர் கட்சி. ஏன்னு வெவரமா சொல்றேன், எந்த மாதிரி ஆளுங்க கே.ஆர்.எஸ் போறது சரினும் சொல்றேன், மத்த டேம் பத்தியும் கொஞ்சம் வருது.

மொதல்ல ஒரு விஷயம். எந்த டேம் பெருசு, எங்க கட்லா பெருசுன்னு பேசி ஒரு பிரயோஜனமும் இல்ல. மாசி, பங்குனி, சித்திரை மூணு மாசமும் நம்ம பக்கத்து டேம் எல்லாத்துலயும் தண்ணி இறங்குற காலம், வரத்து கெடையாது, போறதுதான். அதனால பாக்க வேண்டியது தண்ணி எவ்வளவு இருக்குன்றத விட எவ்வளவு வேகமா இறங்குதுன்றதுதான். மெதுவா இறங்குனா கரையோரத்துல மீன் தங்கும், நேத்து தீனி மாவு போட்டு பழக்குன இடத்துக்கே இன்னைக்கும் வரும். சரசரன்னு இறங்குனா மீன் கரைய விட்டுட்டு பழைய ஆத்துப் பள்ளத்துக்குப் போயிடும், நீங்க சேத்துல நின்னுகிட்டு எவ்வளவு தூரம் வீசுனாலும் எட்டாது.

இந்த சீசன்ல மீன் என்ன பண்ணுதுன்னும் தெரிஞ்சுக்கணும். கட்லா, ரோகு, மிர்கால் மூணும் இப்ப முட்டை போடாது, அதுங்களுக்கு மழைக்கால வெள்ளம் ஓடுற ஆத்துத் தண்ணி வேணும், தேங்குன தண்ணியில பொதுவா அதுங்க இனப்பெருக்கம் நடக்காது, அதனாலதான் வருஷா வருஷம் மீன்வளத்துறை டேம்ல குஞ்சு விடுறாங்க. ஆனா மழைக்கு முன்னாடி உடம்பு தேத்திக்குற நேரம் இது, தண்ணி சூடாக சூடாக நல்லா மேயும். சாதா கெண்டை வேற மாதிரி, அது ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் ஒரு தடவை, மழைக்காலத்துல இன்னொரு தடவை முட்டை போடும், முட்டை பாசியிலயும் புல்லுலயும் ஒட்டிக்கும். கருக்கல்ல கரையோர புல்லுக்குள்ள பெரிய பெரிய முதுகு தெரிஞ்சு சளப் சளப்னு சத்தம் கேட்டா அதுதான், அந்த இடத்துல தூண்டில் போடாம தள்ளிப் போறதுதான் நல்லது. தண்ணி வேகமா இறங்குற டேம்ல அந்த முட்டை பூரா வெயில்ல காஞ்சு போயிடும், பாக்கவே கஷ்டமா இருக்கும்.

இப்ப கே.ஆர்.எஸ் கதைக்கு வரேன். கட்டி முடிச்சு 90 வருஷத்துக்கு மேல ஆச்சு, முழு மட்டம் 124.80 அடி, கொள்ளளவு 49 டி.எம்.சி சொச்சம். மண்டியா ஜில்லா கரும்புக்கும் நெல்லுக்கும் விஸ்வேஸ்வரய்யா கால்வாய் வழியா தண்ணி போகணும், மைசூருக்கு குடிதண்ணி, நம்ம பெங்களூர் டேப்ல வர்ற காவிரி தண்ணியும் இங்க இருந்து திறந்து விட்டு டி.கே.ஹள்ளியில எடுத்து பம்ப் பண்றதுதான், 2024 அக்டோபர்ல அந்தக் காவிரி குடிதண்ணி திட்டத்தோட அஞ்சாவது கட்டம் வேற சேந்துருச்சு. ஆக கோடை முழுக்க இந்த டேம்ல இருந்து தண்ணி போய்க்கிட்டே இருக்கும். இன்னொன்னும் கவனிங்க, கே.ஆர்.எஸ் நீர்ப்பரப்பு கிட்டத்தட்ட 50 சதுர மைல், மேட்டூரோடது 59 சொச்சம், பரப்புல பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா மேட்டூர் 93.47 டி.எம்.சி புடிக்கும், இது அதுல பாதிதான். அப்படின்னா கே.ஆர்.எஸ் தட்டையா பரந்து கெடக்குற டேம்னு அர்த்தம். ஒரு அடி மட்டம் இறங்குனா கரை எங்கயோ போயிடும். போன வாரம் நின்ன இடத்துல இந்த வாரம் வெடிச்ச களிமண்ணும் சிப்பி ஓடும்தான் கெடக்கும், அதைத் தாண்டி முழங்கால் சேறு.

ஆனா கே.ஆர்.எஸ்ல சுகம் நிறைய இருக்கு, அதையும் சொல்லணும். ரோடு அருமை, கார்ல மூணு மணி நேரத்துல போயிடலாம், வெளிச்சம் வர்றதுக்குள்ள தூண்டில் தண்ணியில இருக்கும், ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம். பைக்ல போறவங்க மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, 2023 ஆகஸ்ட் 1ல இருந்து மைசூர் எக்ஸ்பிரஸ்வே மெயின் ரோட்ல பைக்குக்கு அனுமதி இல்ல, சர்வீஸ் ரோட்லதான் போகணும், நேரம் கூட ஆகும். குடும்பத்தோட போனா பிருந்தாவன் கார்டன் இருக்கு, இடம் மாத்திக் கட்டுன வேணுகோபால ஸ்வாமி கோவில் பேக்வாட்டர் ஓரத்துலயே இருக்கு, அம்மாவையும் கொழந்தைகளையும் அங்க விட்டுட்டு பெரியவங்க ஒரு நாலு மணி நேரம் மீன் பாக்கலாம். இந்த ஊர் கடல் மட்டத்துல இருந்து 750 மீட்டர் கிட்ட உயரத்துல இருக்கு, ஏப்ரல்லயும் சாயங்காலம் காத்து ஜில்லுனு வரும், கொழந்தைகளுக்கு அது பெரிய விஷயம்.

டேம் சுவர்கிட்டயும் மதகுகிட்டயும் போகவே கூடாது, பாதுகாப்பு பலமா இருக்கும், ரங்கனதிட்டு பக்கம் பறவைகள் சரணாலயம், அங்கயும் நினைக்காதீங்க. மீனாட்சிபுரா பக்கம் பேக்வாட்டர்ல உள்ளூர் பசங்க தூண்டில் போடுறத பாக்கலாம், அங்கயும் மீன்வளத்துறை கிட்ட விசாரிச்சுட்டுப் போறதுதான் மரியாதை. கர்நாடகாவுல 1996 உள்நாட்டு மீன்வளச் சட்டம் இருக்கு, டேம் மீன் யாரோ ஒருத்தர் லைசென்ஸ் எடுத்து பொழைக்குற மீன்றத மறக்கக் கூடாது. ரெண்டு வார்த்தை கன்னடத்துல "அண்ணா, இல்லி காளா ஹாக்பஹுதா" (அண்ணே, இங்க தூண்டில் போடலாமா)ன்னு கேட்டா போதும், பாதி பேர் அவங்க மாவையே எடுத்துக் குடுப்பாங்க.

மேட்டூர் கணக்கே வேற. ஸ்டான்லி ரிசர்வாயர், 1934ல திறந்தது, முழு மட்டம் 120 அடி. டெல்டாவுக்கு வழக்கமா ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடிடுவாங்க. நம்ம ஆளுங்க இதை விவசாய நியூஸா மட்டும் பாக்குறாங்க, தூண்டில் போடுறவனுக்கு இதவிட முக்கியமான தேதி கெடையாதுன்னு நான் சொல்வேன். ஜனவரி 28க்கு அப்புறம் குடிதண்ணிக்கு மட்டும் கொஞ்சமா போகும், மிச்சம் வெயில்ல ஆவியாகுறதுதான். அதனால நல்ல மழை பெஞ்ச வருஷத்துக்கு அடுத்த மாசி பங்குனியில மேட்டூர் மட்டம் ரொம்ப நிதானமா இறங்கும். கரை ஒரு இடத்துல நிக்கும், மீனும் நிக்கும்.

நிக்குறதுன்னா என்னன்னு ஜிலேபி மீன் (திலாப்பியா) பாத்தா புரியும். காலை ஏழு மணி வாக்குல, காத்து கெளம்புறதுக்கு முன்னாடி, முழங்கால் ஆழத் தண்ணிய மேட்டுல நின்னு குனிஞ்சு பாருங்க. அடி மண்ணுல தட்டு தட்டா குழி, ஒண்ணு பக்கத்துல ஒண்ணா வரிசையா இருக்கும், சுத்தி பாசி படிஞ்சிருக்க குழிக்குள்ள மட்டும் மண்ணு சுத்தமா வெளுத்து தெரியும். ஒவ்வொரு குழிக்கு மேலயும் ஒரு ஆண் மீன், உடம்பு கருத்து, ரெக்கை ஓரம் செவந்து, வேற எது பக்கத்துல வந்தாலும் பாஞ்சு விரட்டும். பெண் வந்து முட்டை போட்டதும் அதை வாயிலயே அள்ளி வச்சுக்கும், குஞ்சு பொரிஞ்ச பிறகும் கொஞ்ச நாள் வாய்க்குள்ளதான். இந்தக் குழி நெறைய தெரிஞ்சா இந்தக் கரையில மட்டம் கொஞ்ச நாளா நிலையா இருக்குன்னு அர்த்தம், எனக்கு எந்த ஆப்பும் குடுக்காத தகவல் அது. ஜிலேபி 1952ல வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்த மீன், எங்க விட்டாலும் பெருகிடும், அதனால அதை எவ்வளவு பிடிச்சாலும் எனக்கு மனசு உறுத்தாது. அந்த வரிசையத் தாண்டி ஆழம் விழுற எடத்துலதான் கட்லாவும் ரோகுவும் சுத்தும், அங்க மாவு விழணும்.

எல்லாரும் மேட்டூர்னா மேட்டூர் டவுனுக்குத்தான் போறாங்க, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, அப்புறம் தொப்பூர் கணவாய் இறங்கி சுத்திப் போவாங்க. டவுன்ல டேம் பார்க்கும் மீன் வறுவல் கடையும் இருக்கு, சாப்பிட போங்க, ஆனா தூண்டில் போட அது எடமே இல்ல. பெங்களூர்ல இருந்து போறவங்களுக்கு தர்மபுரியில இருந்து பென்னாகரம், ஏரியூர் வழியா டேம் தண்ணியோரம் இருக்குற நாகமரை போறதுதான் சரி, தொப்பூர் கணவாயும் மிச்சம், அது ஆக்சிடெண்டுக்கு பேர் போன எறக்கம், தூக்கக் கலக்கத்துல விடியக்காலை அங்க இறங்க வேணாம். நாகமரையில இருந்து பார்த்தா எதிர்க்கரை பண்ணவாடி, தண்ணி நல்லா இறங்குன வருஷம் அங்க முங்கிக் கெடந்த ஜலகண்டேஸ்வரர் கோவில் நந்தியும் பழைய சர்ச் கோபுரமும் வெளிய தெரியும். நந்தி முழுசா வெளிய வந்துடுச்சுன்னு பேப்பர்ல போட்டோ வந்தா அந்த வருஷம் மேட்டூர் போகாதீங்க, மட்டம் ரொம்ப கீழ போயாச்சு, மீன் பூரா நடு பள்ளத்துல.

கரையில ஒரு விஷயம் கண்டிப்பா கவனிக்கணும். தண்ணி வத்துன எடத்துல ஊர்க்காரங்க சோளம், ராகி, எள்ளு, கடலை போட்டிருப்பாங்க, டேம் மண்ணுன்னு நெனச்சு கார ஏத்தி நேரா தண்ணி வரைக்கும் ஓட்டுறவங்கள பாத்துருக்கேன், வயிறு எரியும். வண்டிய ரோட்டோரமே நிறுத்திட்டு வரப்புல நடந்து போங்க. அப்புறம் இங்கயும் லைசென்ஸ் வச்ச மீனவங்கதான் வலை போடுறாங்க, அவங்க வலை கட்டுன பக்கம் வீசுனா தூண்டில் முள்ளு மாட்டி வலை கிழியும். பரிசல்காரர் யாரையாவது பாத்து "அண்ணே வலை எங்க கெடக்கு, தூண்டில் எந்தப் பக்கம் போடலாம்"னு கேட்டுட்டு ஆரம்பிச்சா அவங்களே ஆழம் எங்க விழுதுன்னும் சொல்லிடுவாங்க. அனுமதி பத்தி மேட்டூர் மீன்வளத்துறை ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

மேட்டூரோட பெரிய குறை வெயில். அது கடல் மட்டத்துல இருந்து 240 மீட்டர்தான், சேலத்து வெயில் அப்படியே விழும், கரையில ஒரு மரம் கெடையாது. பத்து மணிக்கு மேல ஆளும் நிக்க முடியாது, மீனும் மேயாது, சூடான தண்ணியில ஆக்சிஜன் கொறஞ்சு ஆழத்துக்கு இறங்கிடும். அதனால மேட்டூர் போறதுன்னா ஒரு ராத்திரி அங்க தங்குற மாதிரி பிளான் பண்ணுங்க, பென்னாகரத்துலயோ ஒகேனக்கல்லயோ ரூம் போட்டுட்டு சாயங்காலம் நாலரைக்கு மேல ஒரு தடவை, மறுநாள் விடியக்காலை ஒரு தடவை. ஒரே நாள்ல போயிட்டு வரேன்னு கெளம்புறவங்க மத்தியான வெயில்ல உக்காந்து அலுத்துப் போய் மேட்டூரைத் திட்டுவாங்க.

இந்த உயர வித்தியாசம்தான் மாசத்தையும் முடிவு பண்ணுது. மேட்டூர் தண்ணி சீக்கிரம் சூடாகுறதால மாசி நடுவுலயே கட்லா நல்லா மேய ஆரம்பிச்சுடும், பங்குனி நடுவோட என்னைப் பொறுத்தவரை மேட்டூர் முடிஞ்சுது. கே.ஆர்.எஸ்ல அதே மேய்ச்சல் பங்குனியிலதான் சூடு பிடிக்கும், ஏப்ரல் மாங்கா மழை ஒண்ணு ரெண்டு பெஞ்சா அடுத்த நாள் காலை அட்டகாசமா இருக்கும். ஆக மார்ச் கடைசி வரைக்கும் லீவு கெடச்சவங்க மேட்டூர் போங்க, ஏப்ரல்ல தமிழ் வருஷப் பொறப்பு லீவுலதான் முடியும்னா கே.ஆர்.எஸ் போங்க, ஆனா போறதுக்கு முந்தின வாரம் ரெண்டு டேம் மட்டத்தையும் தினம் பேப்பர்ல பாத்து எழுதி வைங்க. மேட்டூர் மட்டம் தமிழ் பேப்பர்ல தெனமும் வரும், கே.ஆர்.எஸ் மட்டம் கன்னட பேப்பர்ல வரும். வாரத்துல ஒரு அடிக்குள்ள இறங்குனா தாராளமா போலாம், மூணு நாலு அடி போகுதுன்னா அந்த டேமை விட்டுடுங்க. 2024 மார்ச்சு மாதிரி பெங்களூரே தண்ணி லாரிக்கு அலைஞ்ச வருஷம்னா எந்த டேமும் வேணாம், மிச்சம் இருக்குற கொஞ்ச தண்ணியில ஒடுங்கிக் கெடக்குற மீனைப் போய் பிடிக்கறது எனக்கு சரியாப் படல.

மாவு விஷயத்துல மட்டும் ரெண்டு டேமுக்கும் ஒரே வழிதான். கடலைப் புண்ணாக்க முந்தின ராத்திரி ஊற வச்சு, வறுத்த ராகி மாவு, கொஞ்சம் தவிடு, வாசத்துக்கு ரெண்டு ஏலக்கா இடிச்சுப் போட்டு பிசையணும். காவிரிக் கரையில ராகி உருண்டை பழைய காலத்துல இருந்தே ஓடுற தீனி, நம்ம தூண்டில் கடையில விக்குற கலர் பாக்கெட்ட விட எனக்கு அதுமேல நம்பிக்கை. பதம் முக்கியம், உருண்டைய ஒரு டம்ளர் தண்ணியில போட்டுப் பாருங்க, போட்ட ஒடனே கரைஞ்சா வீசும்போதே காத்துல உதிர்ந்துடும், பத்து நிமிஷம் ஆயும் கல்லு மாதிரி கெடந்தா மீனுக்கு வாசமே போகாது, மேல இருந்து பொடிப்பொடியா உதிர்ந்துகிட்டே இருக்கணும். கட்லா மேல் தண்ணியில மேயுற மீன், வாய் மேல பாத்த மாதிரி இருக்கும், அதுக்கு தக்கை போட்டு முள்ள தரையில இருந்து தூக்கி நிறுத்தணும், கட்லா எடுத்தா தக்கை முங்குறத விட படுத்துக்கறதுதான் அதிகம், அப்பவே இழுக்கணும். மிர்கால் தரையில மேயும், அதுக்கு ஈயத்தோட அடியில போட்டா போதும், ரோகு நடுவுல. விடியுறதுக்கு முன்னாடி கெளுத்திக்கு மண்புழு. பத்தடி பன்னெண்டடி ராடு, 4000 சைஸ் ரீலு, 0.35 மி.மீ நரம்பு இருந்தா கரையில இருந்து பிடிக்க தாராளம்.

மத்த இடங்களப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். ஹிரியூர் கிட்ட வாணி விலாஸ் சாகர், 1907ல முடிச்ச டேம், ரெண்டு பக்கமும் மலை, கரையிலேயே ஆழம் விழுறதால சேத்துல எறங்காம பிடிக்கலாம், 1933க்கு அப்புறம் 2022லதான் நெறஞ்சுது, 2025 ஜனவரியில மறுபடி நெறஞ்சுது, துமகூர் ரோடு பக்கம் யஷ்வந்த்பூர், பீன்யால இருக்கவங்களுக்கு இதுதான் என்னோட அடுத்த சாய்ஸ். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி டேம் நூறு கிலோமீட்டருக்குள்ள, பசங்களுக்கு தூண்டில் பிடிக்க சொல்லிக்குடுக்க நல்ல எடம், ஆனா அது தென்பெண்ணை, நம்ம பெங்களூர் கழிவு சேந்து ஓசூர் கெலவரப்பள்ளியில நுரை நுரையா போற அதே ஆறு, அங்க பிடிச்ச மீன நான் வீட்டுக்கு கொண்டு வர மாட்டேன், விட்டுட்டு வந்துடுவேன். கபினி பேரைக் கேட்டதும் நெறைய பேருக்கு ஆசை வரும், 1946ல வான் இங்கன்னு ஒருத்தர் 120 பவுண்டு மஹ்சீர் (பெரிய செதில் வச்ச ஆத்து மீன்) பிடிச்ச ஆறு அது, ஆனா இப்ப அந்த பேக்வாட்டர் நாகரஹொளே, பந்திப்பூர் புலிகள் காப்பகத்துக்குள்ள வருது, அங்க தூண்டிலோட போகவே கூடாது, வெயில் காலத்துல யானைக் கூட்டம் எறங்குற எடம், சபாரில போய் கண்ணால பாருங்க. காவிரிக் கரையில பீமேஸ்வரி பக்க மஹ்சீர் கேம்ப் எல்லாம் சரணாலயத்துக்குள்ள இருந்ததால தூண்டில் நிறுத்தியாச்சு. காவிரி மஹ்சீர 2018ல அழிவோட விளிம்புல இருக்குற இனம்னு பட்டியல் போட்டாச்சு, அதனால மேட்டூர்லயோ வேற எங்கயோ தப்பித்தவறி பெரிய செதிலும் தடிச்ச ஒதடுமா ஒண்ணு மாட்டுனா கையை ஈரம் பண்ணிட்டு முள்ளக் கழட்டி தண்ணியிலயே விட்டுடுங்க, போட்டோக்குன்னு மேல தூக்கி வச்சுக்கிட்டு நிக்காதீங்க.

காவிரி பிரச்சனையில பார்டர்ல பஸ்ஸு நிக்குமேன்னு வீட்டுல பயப்படுவாங்க. அந்த டென்ஷன் பெரும்பாலும் மழை ஏமாத்துற ஆகஸ்ட், செப்டம்பர் வாக்குலதான் வரும், 2016லயும் 2023லயும் அப்படித்தான், மாசி பங்குனியில அத்திப்பள்ளி தாண்ட ஒரு பிரச்சனையும் இருக்காது.

பாதுகாப்பு ரெண்டு டேமுக்கும் பொது. காவிரியில முதலை உண்டு, மாட்டுன மீனை வாங்க இடுப்பளவு தண்ணியில எறங்காதீங்க, நீளக் காம்பு வச்ச வலை ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க. காஞ்ச மாதிரி தெரியுற களிமண்ணு மேல ஒரு கம்பால குத்திப் பாத்துட்டு கால் வைங்க. பரிசல்ல ஏறுனா லைஃப் ஜாக்கெட் இல்லாம ஏற வேணாம், நீச்சல் தெரிஞ்சவங்களும்தான். ஏப்ரல்ல சாயங்காலம் மேற்க கருக்க ஆரம்பிச்சா, மீன் எவ்வளவு கடிச்சாலும், ராட மடக்கிடுங்க. கார்பன் ராடு கரண்ட நல்லா கடத்தும், திறந்த கரையில அதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்குற ஆளுதான் அங்க ஒசரமான பொருள். இடி சத்தம் கேட்டதும் ராட தரையில போட்டுட்டு காருக்குள்ள போய் உக்காருங்க, சத்தம் நின்னு அரை மணி நேரம் கழிச்சு மாவு மிச்சம் இருந்தா மறுபடி போடலாம்.